டைமர் வைத்தியர் பெஞ்சோ

டைமர் வைத்தியர் என்றொரு மனித இனம் உண்டு. நீங்கள் அவரைத் தேடிப் போக வேண்டாம். உங்கள் வீட்டில் ஒரு விளக்கு நேரத்துக்கு எரியவில்லை என்றால் போதும், மோப்பம் பிடித்து அவரே வந்து நிற்பார். பிளக்கில் மாட்டும் அந்தச் சின்ன டப்பாவையும், அதன் பொடிப் பொத்தான்களையும், கொசு அளவு எழுத்து ஓடும் திரையையும் கண்டதும் அவர் முகத்தில் வருகிற களை, சொந்த மகள் கல்யாணத்தில்கூட வந்திருக்காது. கூடவே வந்த குறிப்புத்தாளைப் படிப்பாரா? நல்லாயிருக்கே! வைத்தியர் எங்கேயாவது படிப்பாரா?

எங்கள் ப்ளோவ்திவ் நகர அடுக்குமாடியில் இந்தப் பதவி பெஞ்சோவுக்கு. இங்கே இரவு பத்துக்கு மேல் மின்சாரம் மலிவு. அதனால் வெந்நீர் போடுவது, துணி துவைப்பது எல்லாம் ராத்திரியில்தான். அத்தனை வீட்டு ஹீட்டருக்கும் டைமர் வைத்தது அவர் கைதான். பத்துக்கு எரி, ஆறுக்கு அணை. தூக்கத்தில் எழுப்பி டைமரைக் கொடுத்தாலும் அவர் விரல் அதைத்தான் அழுத்தும்.

மூன்றாம் மாடி வியோலெத்தா, பாவம், இவரிடம் மாட்டினாள். அவளுடைய நாத்தனார் இஸ்க்ரா ஒரு ஜோடி ஏஞ்சல் மீனைக் கொடுத்துவிட்டு, "பூ ஞாயிறு அன்னிக்கு உன் பேர் நாள் விருந்துக்கு வருவேன். மீனுங்க வாடியிருந்துச்சுன்னா, தொட்டியோட தூக்கிட்டுப் போயிடுவேன்!" என்று மிரட்டியிருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின அந்த ஞாயிறுதான் வியோலெத்தா மாதிரிப் பூவின் பேர் வைத்தவர்களுக்கெல்லாம் இங்கே பேர் நாள். வியோலெத்தாவுக்கோ அந்த மீன்கள்மேல் உயிர். பிள்ளைகள் ஜெர்மனிக்குப் போனபின் அவள் வாய்விட்டுப் பேசுவது அவற்றோடுதான். அந்தச் சமயம் பார்த்துக் கரண்ட் போய் வந்ததில் தொட்டி விளக்கின் டைமர் கண்ணை மூடிக்கொண்டது.

"பேட்டரி படுத்துருச்சு தங்கச்சி," என்றார் பெஞ்சோ. அவள் காதுத்தோட்டின் முனையால் ரீசெட் ஓட்டையில் ஒரு குத்து, பிளக்கில் மாட்டி ஓர் இரவு சார்ஜ், மறுநாள் மணியைத் திருத்தி, டக் டக்கென்று நாலு அழுத்து. முடிந்தது வைத்தியம்.

மறுநாள் பகல் முழுக்கத் தொட்டி இருட்டு. "அண்ணே, எரியலையே!" என்றாள் வியோலெத்தா. பிளக் பாயின்ட் சரியில்லை என்றார். மாற்றினார்கள். எரியவில்லை. பல்பைக் குறை சொன்னார், கம்பெனியைத் திட்டினார், கடைசியில் மீனையே சந்தேகப்பட்டார். "வாலால தண்ணியை அடிச்சு ஈரம் ஏத்துதுங்க. சும்மா இல்ல இந்த ஜென்மங்க!" ஒவ்வொரு முறையும் ரீசெட் ஓட்டையில் குத்து, அதே நாலு அழுத்து. எந்த நாலு அழுத்து என்று நான் வேறு சொல்ல வேண்டுமா? தொட்டி இருந்ததோ விருந்தினர் அறையில். ராத்திரி அந்தக் கதவை யார் திறப்பார்கள்? மீன்கள் இரவெல்லாம் வெளிச்சத்தில் கூத்தடித்துவிட்டுப் பகலில் அடியில் சுருண்டு கிடந்தன. போட்ட தீனி போட்டபடி மிதந்தது. வியோலெத்தா அழுதே விட்டாள்.

பூ ஞாயிறும் வந்தது. பேர் நாளுக்கு யாரையும் அழைப்பதில்லை, எல்லோரும் தாமாக வருவார்கள். பெஞ்சோ எல்லோருக்கும் முந்தியே வந்து தொட்டிக்கடியில் தலையை விட்டிருந்தார். அன்றைக்கு மீன் சாப்பிடுவது வழக்கம், மேசையில் பொரித்த மீன் ஒரு தட்டு. உள்ளே நுழைந்த இஸ்க்ரா இருண்ட தொட்டியைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! என் புள்ளைங்களைப் பொரிச்சே வச்சுட்டியா?"

"ஐயோ அக்கா, அது சந்தையில வாங்கினது! உங்க மீன் உள்ள தூங்குது!"

"மட்ட மத்தியானத்துல என்னடி தூக்கம்?" இஸ்க்ரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைமரைக் குனிந்து பார்த்தாள். "பத்துக்கு எரி… ராத்திரி பத்துக்கா? எந்த மடையன் இப்படி வச்சது?"

பெஞ்சோவுக்குக் காது இரண்டும் கொதித்தன. விரல்களைப் பார்த்தார், பாழாய்ப்போன விரல்கள்! ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் மீனும் போகும், அவர் மானமும் போகும், நாளைக்கு ஒரு ஹீட்டர்கூட அவரை நம்பாது. ஆனால் இந்த இனம் "தப்பு என்னுது" என்று சொன்னதாக எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

"நான்தான் வச்சேன்," என்று நிமிர்ந்தார். "இது எந்த ஊர் மீன்? அமேசான் மீன். நம்ம ராத்திரிதான் அதுங்களுக்குப் பகல். சொந்த ஊர் நேரம் வச்சாத்தான் மீன் ஏங்காது. படிச்சவங்களுக்குத் தெரியும்."

பூகோளம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும். இஸ்க்ராவுக்கு இது தெரியாது; தெரியாது என்று ஒப்புக்கொள்வதோ அவள் பரம்பரையிலேயே கிடையாது.

"தெரியாமலா? எனக்கு எப்பவோ தெரியும்," என்றாள். "இவளுக்குத் தெரியுமான்னு பார்த்தேன். இருக்கட்டும்டி, மீன் உன்கிட்டயே இருக்கட்டும். பெஞ்சோ, சாப்பிட்டதும் என் வீட்டுக்கு வாங்க, மிச்ச மீனுக்கும் ஊர் நேரம் வச்சுடலாம்."

வியோலெத்தா வைத்தியருக்குப் பெரிய துண்டாக ஒரு மீன் வைத்தாள். அவர் படியிறங்கியதும் டைமரைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கையாலேயே சுவிட்சைப் போட்டாள். மீன்கள் மெல்ல மேலே வந்தன. "வாங்கடா செல்லங்களா," என்றாள்.

சரி, மழுப்பாமல் சொல்லுங்கள். "அட, இதை இரண்டு நிமிஷத்தில் நான் சரிபண்ணியிருப்பேனே" என்று பாதியிலேயே உங்கள் விரல் துடித்ததா? எதிர்வீட்டு வாசல் விளக்கு பகலில் எரிவது நினைவுக்கு வந்து, செருப்பைத் தேடுகிறீர்களா?

உட்காருங்கள் ஐயா. உங்களை யாரும் கூப்பிடவில்லை.