செப்டம்பர் பதினான்கில் பிறந்த பத்துப் பேர்

நான் பட்டியல் போடுகிறவள். மளிகைக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று, அந்த இரண்டையும் எங்கே வைத்தேன் என்பதற்கு ஒன்று. எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. செய்வோம். வரிசை எண் போட்டுச் செய்வோம்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. மற்றவர்கள் எழுதும் நிரலில் பிழை கண்டுபிடிக்க வேண்டும். (சம்பளம் வாங்கிக்கொண்டு குறை சொல்கிற வேலை என்பார் அப்பா.) அப்போது பெரும்பாக்கத்தில், பெற்றோர் இல்லாத குழந்தைகளுக்கென்று ஒரு சிறிய இல்லம் இருந்தது. முப்பத்தோரு பிள்ளைகள். அவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஸ்வீடனிலிருந்து கரின் என்ற பெண் ஆறு மாதம் தங்க வந்திருந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொற்கள்: அக்கா, சாப்பிட்டியா, போதும். மொழிபெயர்க்கவும் கூடமாட உதவவும் ஆள் வேண்டும் என்றார்கள். சனிக்கிழமைதோறும் இரும்புலியூரிலிருந்து நான் போனேன்.

கடல் கடந்து வந்தவள் பிள்ளைகளுக்குத் தலை சீவி, மூக்கைத் துடைத்து, பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தாண்டி வந்த நான் என்ன செய்தேன்? கம்ப்யூட்டரில் பதிவேடு தயாரித்தேன்.

பெயர், வயது, வகுப்பு, ரத்தப் பிரிவு, பிறந்த தேதி. பிறந்த தேதியை நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போகவே முடியாதபடி செய்திருந்தேன். அந்தக் கண்டிப்பில் எனக்குப் பெருமை வேறு. பிறகுதான் தெரிந்தது, ஒன்பது பிள்ளைகள் எப்போது பிறந்தார்கள் என்பது யாருக்குமே தெரியாது. என் கண்டிப்பில் நானே மாட்டிக்கொண்டேன்.

அலுவலகத்தில் சோதனைக்கு ஒரு தேதி தேவைப்பட்டால் என் கை தானாக என் பிறந்தநாளை அடிக்கும். அதையே செய்தேன். ஒன்பது பேருக்கும் செப்டம்பர் பதினான்கு. வருடம் மட்டும் குத்துமதிப்பாக. 'பிறகு திருத்த வேண்டியவை' என்ற பட்டியலில் பதினேழாவதாகக் குறித்தும் வைத்தேன். (அந்தப் பட்டியலில் நான் ஐந்தைத் தாண்டியதில்லை.) கரின் ஒரு பிரதி கேட்டாள். அச்செடுத்துக் கொடுத்துவிட்டு, அலுவலக நெருக்கடியில் மூன்று சனிக்கிழமைகள் அந்தப் பக்கமே போகவில்லை.

நான்காவது சனிக்கிழமை செப்டம்பர் பதினான்கு. கேட்டைத் திறந்தேன். தங்க நிறக் காகிதக் கிரீடம் வைத்த ஒன்பது பேர் வாசலில் நின்றிருந்தார்கள்.

சமையல் பார்க்கும் ஜரீனா அக்கா கரண்டியோடு வந்தார்.

"வாம்மா. இன்னாம்மா இது, ஒம்போது பேருக்கும் ஒரே நாள்ல பொறந்தநாளு? கிரீடம் வெச்ச புள்ள அன்னிக்கு வேல செய்யக் கூடாதுன்னு இந்த வெள்ளக்காரப் பொண்ணு சட்டம் போட்டுகீது. வெங்காயம் உரிடான்னா, ராஜா எங்கனா வெங்காயம் உரிச்சுப் பாத்துக்கீறியான்னு கேக்கறான் பிரகாஷு."

கரின் மலர்ந்த முகத்தோடு சுவரைக் காட்டினாள். என் பதிவேட்டைப் பார்த்து அவள் வரைந்த பிறந்தநாள் அட்டவணை. தேதி தெரியாத பிள்ளைகளுக்கு இல்லமே ஒரு பொதுநாளைக் கொடுத்திருக்கிறது, எவ்வளவு அழகான வழக்கம் என்று நினைத்தாளாம்.

அவளுக்கு நான் பதில் சொல்வதற்குள் என் துப்பட்டாவை யாரோ இழுத்தார்கள். பவானி. எட்டு வயது இருக்கலாம்.

"அக்கா, தேதி கம்ப்யூட்டர்லதான் கெடச்சுதா?"

"ம்."

"அப்ப எங்கம்மா பேரும் அதுல வந்திருக்கும்ல?"

எந்த நாள் என்று தெரிந்த இடத்தில் யாருக்குப் பிறந்தாள் என்பதும் தெரிந்திருக்கும். அவள் கணக்கு சரி. என்னுடையதுதான் பொய்.

அந்த இடத்தில் கொஞ்சம் புத்தியுள்ளவள் குழந்தையை மடியில் உட்காரவைத்துப் பேசியிருப்பாள். நான் ஒன்பது பேரையும் கூப்பிட்டுக் கரும்பலகைக்கு முன்னால் உட்காரவைத்தேன். ஒரு கட்டம் வரைந்தேன். இது காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது, அதனால் ஒரு டம்மி தேதி போட்டேன், அம்மா பெயர் எதுவும் வரவில்லை என்று சொன்னேன்.

"டம்மின்னா?" என்றான் பிரகாஷ்.

"சும்மா வைக்கிறது. அப்புறம் எடுத்துடலாம்."

பவானி கிரீடத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள். பிறகு பிரகாஷ். ஒன்பது கிரீடங்களும் மேசைக்கு வந்தன. என்ன சொன்னாய் என்று கரின் என்னைக் கேட்டாள். டம்மி என்றேன். அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

ஜரீனா அக்கா கேட்டார். "ஏம்மா, அந்தத் தேதிய எங்கருந்து புடிச்ச?"

"என்னோடதுக்கா. என் பிறந்தநாள்."

"இன்னிக்கா? வந்ததுலருந்து வாயத் தொறக்கலியே நீ."

பவானி நிமிர்ந்தாள். "அப்ப இது நெஜமாவே ஒருத்தங்க பொறந்த நாளா?"

"ஆமாம்மா."

"எப்படிப் பொறந்தீங்க?"

தெரியவில்லை. மருத்துவமனை, எடை, நேரம் எல்லாம் தெரியும். என் கோப்பில் இருக்கிறது. எப்படி என்று தெரியாது. அதையே சொன்னேன்.

"அம்மாதானே சொல்லணும். போன் போடுங்க" என்றாள் பவானி.

போட்டேன். மூன்று வாக்கியத்தில் விஷயத்தைச் சொல்லிக் கைபேசியை அவளிடம் கொடுத்தேன். அம்மாவிடம் கதை கேட்பவர்கள் எங்கள் வீட்டில் யாரும் கிடையாது. ஆகவே அன்று ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வெளுத்து வாங்கிவிட்டார். பவானி கேட்டுக் கேட்டு எங்களுக்கு அறிவித்தாள். "மழையாம். ரயில்வே கேட்டு மூடிட்டாங்களாம். கூட்ஸ் வண்டியாம், போய்கினே இருந்துச்சாம். ரிக்‌ஷாக்காரரு எறங்கிப் போயி கேட்டுக்காரர்கிட்ட சண்ட போட்டாராம்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "ஆன்ட்டி, எனக்கும் மழைன்னு வெச்சுக்கட்டுமா?"

பதில் எங்களுக்கும் கேட்டது. அம்மாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"வெச்சுக்கோடா கண்ணு. மழ என்ன எங்க வீட்டுக்கு மட்டுமா பேஞ்சுது?"

பவானி கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். அடுத்து பிரகாஷுக்குக் கேட்க வேண்டுமாம். அவனுக்குப் பின்னால் வரிசை நின்றது. அம்மா ஒன்பது முறையும் அலுக்காமல் சொன்னார். ஒவ்வொரு முறையும் கூட்ஸ் வண்டி நீண்டுகொண்டே போனது. அதற்குள் கரின் பத்தாவதாக ஒரு கிரீடம் செய்து என் தலையில் வைத்தாள். ஜரீனா அக்கா மட்டும் தனியாக வெங்காயம் உரித்தார். எங்களைத் திட்டிக்கொண்டேதான்.

பள்ளியில் எந்தத் தேதியைக் கொடுப்பது என்று பின்னால் பேச்சு வந்தபோது, ஒன்பது பேரும் செப்டம்பர் பதினான்கையே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மழை பெய்த ஒரே நாளில் மனைவி பத்துப் பிள்ளை பெற்றதாக அப்பா உறவினர்களிடம் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் திருமணத்தில், 'இவள் எத்தனையாவது?' என்று மாப்பிள்ளை வீட்டார் விசாரித்தார்கள்.

இப்போது அந்த ஒன்பது பேரும் வேலை, குடும்பம் என்று வெவ்வேறு ஊர்களில் இருக்கிறார்கள். பிறந்தநாள் காலையில் அம்மாவின் எண் எனக்குக் கிடைப்பதில்லை. போன வருடம் ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்குத்தான் பிடித்தேன். எடுத்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"அன்னிக்குப் பாரு, விடியறதுக்கு முன்னாடியே மழ பிடிச்சிருச்சு..."

"அம்மா, நான்தாம்மா."

"தெரியுது. அவங்க ஒம்போது பேரும் கேட்டாச்சு. நீதான் இதுவரைக்கும் ஒரு தடவகூடக் கேட்டதில்ல."

சரி, சொல்லு என்றேன். கேட்டுக்காரர் பெயர்வரைக்கும் சொன்னார். நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.