தொட்டியில் விழுந்த காதலும் வாழ்க்கையும் வரலாறும்

பெருமதிப்பிற்குரிய கொழுந்தனார் அவர்களுக்கு,

தையற்கடையிலிருந்து உங்கள் அண்ணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அண்ணனும் தையல் மெஷினும் சௌக்கியம். மெஷினில் பெல்ட் மட்டும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது, உங்கள் அண்ணனைப் போல. நீங்கள் அந்த மலையடிவாரக் கூடாரத்தில் வேளைக்குச் சாப்பிட்டு, அளக்கிற நிலத்திலேயே தடுக்கி விழாமல் நல்லபடி இருப்பீர்கள் என்று நம்பி மேலே எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படிக்கவும். கையில் டம்ளர் இருந்தால் கீழே வைத்துவிடவும்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்து அந்த மூன்று புத்தகங்களையும் எடுத்து, பிரிக்காமல், கட்டை அவிழ்க்காமல், மருந்துக்கடைப் பெண்ணிடம் சேர்க்கச் சொல்லிக் கடுதாசி போட்டிருந்தீர்கள் அல்லவா? நான் பிரித்தேன். பிரித்ததோடு நின்றேனா, படித்தேன். படித்ததோடாவது நின்றிருக்கலாம். தண்ணீரில் போட்டுவிட்டேன்.

இந்த வரிக்கு உங்கள் மூக்கு சிவப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. ஆனால் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். முப்பத்தொன்பது வயதில், முதல் தடவையாக, ஒரு பெண் உங்களைப் பார்த்து எழுந்து ஓடாமல் உட்கார்ந்து பேசியிருக்கிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில் நாங்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டு இருக்கையில் "நீங்க என்ன படிப்பீங்க?" என்று கேட்டாள். நீங்கள் வியர்த்து வழிந்து "காதல் கதை, வாழ்க்கை வரலாறு, சரித்திரம்" என்று பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னீர்கள். "உங்களுக்குப் பிடிச்சதுல ஒவ்வொண்ணு அனுப்புங்க, படிச்சிட்டுப் பதில் சொல்றேன்" என்றாள். ஆக, உங்கள் கல்யாணமே அந்த மூன்று புத்தகத்தில் தொங்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அனுப்ப நான் என்ன பைத்தியமா? துணியை விரித்துப் பார்க்காமல் வெட்டுகிறவள் தையற்காரியா?

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, உதடு அசைத்துத்தான் படிப்பேன். ஆனாலும் ஒவ்வொன்றிலும் முதல் பதினைந்து பக்கம் படித்தேனாக்கும். காதல் கதையில் ஒருத்தன் ஒருத்தி வீட்டு வாசல் வழியாகப் போகிறான், வருகிறான், மறுபடி போகிறான். பதினைந்து பக்கமாக வாயைத் திறக்கவில்லை. யார் மாதிரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வாழ்க்கை வரலாற்றில் பாலம் கட்டுகிற ஒரு பெரிய மனிதர். பிறந்த அன்றே கெட்டிக்காரர். அவருக்குப் பல் முளைத்ததற்கே இரண்டு பக்கம். சரித்திரத்தில் இரண்டு ராஜாக்கள் ஓர் ஆற்றுக்காகச் சண்டை போடுகிறார்கள். ஆறு பாட்டுக்கு ஓடுகிறது. மூன்றும் நன்றாகத்தான் இருந்தன. அதுதான் வினையே. புதுத் துணியைச் சுருங்க விடுகிறதற்குத் தொட்டியில் நனைத்து வைப்பேனே, அதற்கு மேலேயுள்ள பலகையில் மூன்றையும் அடுக்கி வைத்து, துணியை ஒரு கையால் அமுக்கிக்கொண்டே இன்னொரு கையால் பாலக்காரரை எடுக்கப் போனேன். பாலக்காரர் ராஜாக்களை இடித்தார், ராஜாக்கள் காதலை இடித்தார்கள், மூன்றும் தொபுக்கென்று உள்ளே. உள்ளே நனைந்துகொண்டிருந்தது சாயம் போகிற நீலத் துணி.

எடுத்தபோது அட்டை தனி, தாள் தனி. பசை எல்லாம் கரைந்துவிட்டது. அத்தனை தாளும் ஒரே நீலம். கடை முழுக்கக் கயிறு கட்டி, தாள் தாளாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வந்த பேங்க் அம்மாள் தாளை விலக்கிக்கொண்டு குனிந்து குனிந்து உள்ளே வந்தார். உங்கள் அண்ணன் பஸ் ஓட்டிவிட்டு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சிரித்தார். "புத்தகத்து மேல டம்ளர் வச்சு ஒரு வட்டம் விழுந்ததுக்கே தம்பி என்கூட மூணு நாள் பேசலை. உன்கூட இந்த ஜென்மத்துல பேச மாட்டான்" என்றார். சொல்லிவிட்டு, நல்ல மனிதர், இஸ்திரிப் பெட்டியை எடுத்து ஒவ்வொரு தாளாகத் தேய்த்துக் கொடுத்தார். காலர் தேய்க்கிற கை அல்லவா, ஒரு மூலை மடங்கவில்லை.

இனிமேல்தான் விஷயம். மூன்று புத்தகத் தாளும் ஒரே அளவு, ஒரே எழுத்து, இப்போது ஒரே நிறமும் ஆகிவிட்டது. வாக்கியத்தைப் படித்துப் பார்த்து எது எந்தப் புத்தகம் என்று பிரிக்க வேண்டுமானால் உங்களுக்கு அறுபதாங் கல்யாணம்தான் நடக்கும். ஆனால் எண் என்றால் எனக்குக் கண் கட்டிவிட்டாலும் தெரியும். முப்பது வருஷமாக டேப்பில் அதைத்தானே பார்க்கிறேன்? ஆகவே ஒவ்வொரு தாளின் மூலையிலும் உள்ள எண்ணைப் பார்த்தேன். எந்த எண்ணை எடுத்தாலும் மூன்று மூன்று தாள் இருந்தது. ஆளுக்கொன்று என்று நியாயமாகப் பிரித்து மூன்று கட்டு ஆக்கினேன். ஓர் எண் விடவில்லை, ஓர் எண் இரட்டிக்கவில்லை. கடைசியில் நாற்பது பக்கம் மிச்சம் இருந்ததைச் சரித்திரத்தின் அட்டைக்குள் வைத்தேன், அதுதான் தடியாக இருந்தது. பதினெட்டாம் நம்பர் ஊசி போட்டு, பேண்ட் தைக்கிற நூலால் முதுகில் இரட்டைத் தையல் ஓட்டி, மிச்சத் துணியில் உறையும் தைத்துப் போட்டேன். இழுத்துப் பாருங்கள், அச்சாபீஸ்காரன்கூட இப்படிக் கட்டியிருக்க மாட்டான். நானே கொண்டுபோய் மருந்துக்கடையில் கொடுத்துவிட்டு, "எங்க கொழுந்தனார் கண்ணு மாதிரி வச்சிருந்ததும்மா" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் கழித்து, போன புதன்கிழமை, கடை நிறைய ஆள் இருக்கும்போது மாத்திரை உள்ளே வந்தாள். (அந்தப் பெண்ணை நான் மாத்திரை என்றுதான் சொல்வேன். ஆள் சின்னது, வேலை பெரிசு.) கையில் மூன்று புத்தகம். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை, டாக்டர் கிறுக்கல் சீட்டைப் படிக்கிற முகம்.

"அக்கா, உங்க கொழுந்தனார் இதை நிஜமாவே படிச்சிருக்காரா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டே? தலைகீழாச் சொல்வாரு."

"தலைகீழாத்தான் சொல்லணும். எழுபத்திரண்டாம் பக்கத்துல அவன் முதல் தடவையா அவ கையைப் பிடிக்கிறான். தாளைப் புரட்டினா, நாலாயிரம் மூட்டை சிமெண்ட் வந்து இறங்குது. அடுத்த தாள்ல குதிரைப்படை வந்து கோட்டைக் கதவை உடைக்குது. யார் வீட்டுக் கதவுக்கா அது?"

நான் அவசரமாக மெஷினை மிதித்தேன். பேங்க் அம்மாள் வேறு, "அப்புறம்? அவ கையை விட்டானா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாத்திரை பிரித்துப் படிக்க ஆரம்பித்தாள். அவளுக்கு அவன் எழுதின காதல் கடிதம் பாதியில் நின்று, "இதன் எடை தாங்காமல் மூன்றாவது தூண் சரிந்தது" என்று போகிறது. பாலக்காரர் உயர்ந்த பட்டம் வாங்கப் போய், அடுத்த தாளில் தோற்ற ராஜாவாகக் காட்டுக்குள் ஓடுகிறார், அதற்கடுத்த தாளில் ஜன்னலோரம் நின்று தலை சீவிக்கொள்கிறார். கடையில் ஒருத்தருக்கும் மூச்சு விட முடியவில்லை. கண்ணைத் துடைக்க லைனிங் துணியை எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. கல்யாணமான இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டிலும் ஆசையாக ஒரு வார்த்தை பேச ஆரம்பித்தால், அடுத்த வார்த்தை குழாய் ரிப்பேர், அதற்கடுத்தது சண்டை.

ஆனால் மற்றவர்கள் போனதும் அவள் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தொட்டி முதல் ஊசி வரை அத்தனையையும் ஒப்புக்கொண்டேன்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாதும்மா. டம்ளர் வட்டத்துக்கே மூணு நாள் பேசாதவரு."

"அப்ப சொல்லுங்க. கோபப்பட்டா எனக்கு வேண்டாம்கா. நாள் பூரா கடையில வலியோட வர்றவங்க கத்துறதைக் கேட்கிறேன். அவங்க கத்தலாம், நியாயம் இருக்கு. வீட்டுக்குப் போயும் கேட்க என்னால முடியாது. இதுக்குச் சிரிக்கிறவரா இருந்தா சரி. ஆனா நான் இப்படிச் சொன்னேன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"உயிரே போனாலும் சொல்ல மாட்டேன்" என்றேன். இதோ சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணனிடம்கூட, தாள் மாறின கதையைத்தான் சொன்னேன், இந்தப் பரீட்சையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் வாய் டிரைவர் வாய், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு சேதி இறங்கும்.

கொழுந்தனாரே, விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். நல்ல பெண். புத்தகத்தைக் கிழியாமல் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள், உங்களுக்கு அது போதுமே. உங்கள் மேல் ஆசையும் இருக்கிறது. இல்லாவிட்டால் நாலாயிரம் மூட்டை சிமெண்ட்டைத் தாண்டி முந்நூறு பக்கம் யார் படிப்பார்கள்? அண்ணி மேல் ஆத்திரம் இருந்தால் கல்யாணத்திற்கு மறுநாள் காட்டிக்கொள்ளுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். இப்போது சிரித்துவிடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பது கணக்கில் சேராது. வயிறு குலுங்க வேண்டும். சிரித்துக்கொண்டே பதில் எழுதுங்கள், எழுத்து கோணல்மாணலாக வரும், அதைக் காட்டினால் அவள் நம்புவாள். வேண்டுமானால் அந்த டம்ளர் வட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைச் சுற்றி நீங்கள் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்திருக்கிறீர்களே, அதைப் பார்த்து நாங்கள் சிரித்த சிரிப்பில் பாதி வந்தாலும் போதும்.

நீங்கள் அளக்கிற நிலமெல்லாம் நேராக வரட்டும். உடம்பில் காய்ச்சலும் காலில் முள்ளும் அண்டாதிருக்கட்டும். தலையில் முடி மிச்சமிருக்கும்போதே மாப்பிள்ளைக் கோட்டுக்கு நான் அளவெடுக்கும் நாள் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நன்மையே நாடும், உங்கள் புத்தகத்தை இனி நாடாத,
அண்ணி

பின்குறிப்பு: வியாழக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை வரை இதை எழுதி, ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்க உங்கள் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, "இதையெல்லாம் வியாழக்கிழமையே தம்பிகிட்ட சொல்லிட்டேனே" என்றார். கயிறு வாங்க நீங்கள் மலையடிவாரத்தில் அவர் பஸ் நிற்கிற கடைசி ஸ்டாப்புக்கு வந்தீர்களாம். அவர் சொல்லச் சொல்ல, பஸ் படியில் உட்கார்ந்து விக்கல் எடுக்கிற அளவு சிரித்தீர்களாம். அங்குள்ள ஆஸ்பத்திரிக்கு மருந்துப் பெட்டி கொண்டுவந்த மாத்திரை மூன்றாவது சீட்டில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தாளாம். பிறகு நீங்கள் இரண்டு பேரும் டீ குடிக்கப் போய், பஸ் இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதாம். தேதிகூடப் பேசியாகிவிட்டதாம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எழுதிக்கிட்டு இருந்தே, தொந்தரவு பண்ண வேண்டாம்னு நினைச்சேன்" என்றார். நான்கு நாள் எழுதியதை வீணாக்க மனமில்லாததால் அனுப்புகிறேன். எழுதும் மும்முரத்தில் தபால்காரருடைய சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாக வெட்டி, தைத்தும் முடித்துவிட்டேன். ஐந்து மணிக்கு வாங்க வருகிறார். கடிதத்தை அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.