கறுப்பா, வெள்ளியா?

"கறுப்பையே கொடுத்துடும்மா. முடிவு பண்ணிட்டேன்."

எடை ஆய்வாளர் இப்படிச் சொல்வது இது நான்காவது தடவை. கேமராக் கடையின் விற்பனைப் பெண் கறுப்பு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். பில் புத்தகத்தைத் திறந்தாள். பேனா மூடியைக் கழற்றினாள். அப்புறம் எழுதாமல் நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். தாராளமா எடுத்துக்கங்க. இதுல ஜூம் கிடையாதுன்னு சொன்னேன்ல?"

"சொன்னியே. நாமதான் கிட்டப் போய் எடுக்கணும். போறேன்."

"அதான் சார் யோசிக்கிறேன். குழந்தை தூங்கிட்டிருக்கும். நீங்க கிட்டப் போவீங்க. சத்தம் கேட்டு முழிச்சுக்கும். முழிச்சா அழும். அப்புறம் ஆல்பம் பூரா அழற குழந்தைதான்."

ஆய்வாளர் டப்பாவின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டார்.

"நாளைக்கு வரேம்மா."

"வாங்க சார்," என்றாள் பெண், பேனாவை மூடியபடி. கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி தலையைக்கூடத் தூக்கவில்லை. அவர் எப்போதும்போல் ஒரு லென்ஸைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

முப்பது வருடமாகத் தராசுகளுக்கு முத்திரை வைக்கிறவர் ஆய்வாளர். ஐந்து கிராம் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவருக்கு 'மில்லிகிராம்' என்று பெயர். அப்படிப்பட்ட மனிதர் இரண்டு கேமராக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு முழிப்பதற்குக் காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகள் ஆறு மாதக் கர்ப்பம். அந்த மகள் பிறந்த அன்று எடுத்த போட்டோ வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. இரவல் கேமராவில் அவரே எடுத்தது. அதில் நர்ஸின் முழங்கை அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது. குழந்தை இருந்த இடத்தில் வெளுப்பாக ஏதோ ஒன்று தெரியும், துண்டு என்றும் சொல்லலாம்.

"பேரப்பிள்ளை விஷயத்துல அந்தத் தப்பு நடக்கக் கூடாது," என்று ஆரம்பத்திலேயே மனைவியிடம் சொல்லியிருந்தார். "கைக்கு அடக்கமா இருக்கணும். ஆனா உள்ள இருக்கிற சென்சார் பெருசா இருக்கணும்."

மனைவி பள்ளிக்கூட டீச்சர். "பக்கத்துக் கடையில வாங்காதீங்க, அவனுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். "ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடை இருக்கு. என்கிட்ட படிச்ச பொண்ணுதான் அங்க இருக்கா. பொறுமையா எடுத்துச் சொல்லுவா."

பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். சென்சார் என்பது ஜன்னல் மாதிரி. ஜன்னல் பெரிதாக இருந்தால் இருட்டு அறையிலும் முகம் தெரியும். கறுப்புக்கு ஜன்னல் மிகப் பெரிது, ஆனால் ஜூம் இல்லை. வெள்ளிக்கு ஜன்னல் கொஞ்சம் சிறிது, ஆனால் ஜூம் உண்டு. பின்பக்கத் திரையையும் திருப்பிக்கொள்ளலாம். இரண்டும் கோட்டுப் பையில் அடங்கும். விலையிலும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆய்வாளர் வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தார். மகள் வந்தால் தங்கும் அறையில் கட்டிலிலிருந்து வாசற்படிவரை அளந்தார். நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர்.

"அப்போ ஜூம்தான். வெள்ளி!" என்று கூடத்தைப் பார்த்து அறிவித்தார்.

மறுநாள் மாலை போய் வெள்ளியைக் கேட்டார். பெண் பில் புத்தகத்தைத் திறந்தாள்.

"நல்ல கேமரா சார். ஆனா ஜூம் பண்ணப் பண்ண வெளிச்சம் கம்மியா வாங்கும். குழந்தை இருக்கிற ரூம்ல லைட்டு போடுவீங்களா?"

"போட மாட்டோமே. கண்ணு கூசுமே."

"அதான்..." என்றாள் பெண்.

ஆய்வாளர் திரும்பி நடந்தார். தெருமுனையில் உப்பு வாங்கக்கூட ஸ்கூட்டரைக் கிளப்புகிறவர் அவர். ஆனால் கொஞ்ச நாளாக ஸ்கூட்டர் டீச்சரிடம் இருந்தது. வேறு பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை போட்டுவிட்டார்களாம். பாலத்தில் ஏதோ மராமத்து, பஸ்ஸும் போகவில்லை.

ஒரு மாதம் இப்படியே ஓடியது. கறுப்புக்குப் பேட்டரி சீக்கிரம் தீரும் என்று ஒரு நாள் தெரிந்தது. வெள்ளி, குழந்தை கையைக் காலை ஆட்டினால் கொஞ்சம் தடுமாறும் என்று இன்னொரு நாள் தெரிந்தது.

"ரெண்டையும் ஒரு நாள் எடுத்துட்டுப் போய்ப் பாருங்க சார்," என்றாள் பெண். "டீச்சர் வீட்டுக்குக் கொடுக்க எங்களுக்கென்ன பயம்?"

ஆய்வாளர் இரண்டையும் அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். முதல் வேலையாக முத்திரைத் தராசில் நிறுத்தார். வெள்ளி இருபத்தேழு கிராம் குறைவு. டிரைவர் வெள்ளிக் கட்சியில் சேர்ந்தார். குமாஸ்தா கறுப்புக் கட்சி. மதியத்துக்குள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

"இருட்டுல எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடப் போவுது," என்றார் குமாஸ்தா. அலுவலகத்தில் இருட்டான அறை பழைய எடைக்கற்கள் வைத்திருக்கும் கிடங்கு. அந்த நேரம் பார்த்து அங்கே வந்தவர் பெரிய அதிகாரி.

"சார், ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க."

வெள்ளியில் விழுந்த படத்தில் அதிகாரி லேசாகக் கலங்கி, பத்து வயது குறைந்து, பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி இருந்தார். கறுப்பில் விழுந்த படம் வேறு. அதில் காதோரம் தலைச்சாயம் எங்கே முடிகிறது, நரை எங்கே ஆரம்பிக்கிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டியிருந்தது.

அதிகாரிக்கு முதல் படம்தான் காட்டப்பட்டது. "பிரமாதம்யா! பெருசு பண்ணி என் ரூம்ல மாட்டிடு," என்று சொல்லிவிட்டுப் போனார். குமாஸ்தாவுக்குப் பொறுக்கவில்லை. தன் கட்சியின் மானத்தைக் காப்பாற்ற இரண்டாவது படத்தை அலுவலகத்தில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் போனில் அனுப்பிவிட்டார். ஒருவர் விடாமல் என்றால் அதிகாரிக்கும் சேர்த்து.

மறுநாளிலிருந்து ஆய்வாளருக்குக் காலை ஆறு மணிக்கு மீன் சந்தையில் தராசு பரிசோதிக்கும் வேலை.

"பரவாயில்ல விடுங்க," என்றார் டீச்சர். "காலைக் காத்து உடம்புக்கு நல்லது."

"என் பெல்ட்டைப் பாரு. புதுசா ஓட்டை போட வேண்டியிருக்கு. இந்தக் காலத்துல தோல்கூட ஒழுங்கா கிடைக்கிறதில்ல."

"தோல்னா நீளத்தானே செய்யும்," என்று டீச்சர் ஆணியைச் சூடுபண்ணிக் கொடுத்தார்.

மீன் சந்தையில் நின்று யோசித்தபோது ஆய்வாளருக்குத் தன் தவறு விளங்கியது. அதிகாரியை எடுத்துப் பார்த்தால் குழந்தைக்கு எப்படிப் பொருந்தும்? குழந்தையை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மாடி வீட்டில் நான்கு மாதக் குழந்தை ஒன்று இருந்தது. அனுமதி கேட்டுக்கொண்டு, இரண்டு கேமராவையும் மறுபடி வாங்கிக்கொண்டு படியேறினார். தொட்டில் பக்கத்தில் குனிந்து பொத்தானைத் தொட்டதும் கேமரா 'பீப்' என்றது. குழந்தை வீறிட்டது.

"ரெண்டு மணி நேரம் தோள்ல போட்டுத் தூங்க வச்சேன் அங்கிள்," என்றாள் அதன் தாய். "தயவுசெஞ்சு போயிடுங்க."

அதற்கும் ஆய்வாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். சமையலறையிலிருந்து நடுத்தரமான பூசணிக்காய் ஒன்றை எடுத்தார். பேரப்பிள்ளைக்காக டீச்சர் பின்னி வைத்திருந்த கம்பளிக் குல்லாயை அதற்குப் போட்டார். காம்பு மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் வருமாறு திருப்பினார். பூந்துண்டில் சுற்றிக் கட்டிலில் படுக்க வைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டு, வாசற்படியிலிருந்து வெள்ளியில் எடுத்தார். பூசணிக்காய் அமைதியாக ஒத்துழைத்தது. படத்தைப் போனுக்கு மாற்றி, அபிப்பிராயம் கேட்டு விற்பனைப் பெண்ணுக்கு அனுப்பினார்.

அனுப்பியது பெண்ணுக்கு இல்லை. விரல் ஒரு வரி மேலே பட்டு, சம்பந்தி வீடு மொத்தமும் இருக்கும் குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது.

ஒரு நிமிடத்தில் பதினாறு வாழ்த்துகள் வந்தன. மாப்பிள்ளையின் பெரியம்மா குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார்: "சொல்லவே இல்லையே! சந்தேகமே வேண்டாம், மூக்கு எங்க வீட்டு மூக்குதான்!"

உடனே மகளிடமிருந்து போன் வந்தது.

"அப்பா, நான் இன்னும் ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன். என் போன்ல வந்த வாழ்த்தைப் பார்த்துட்டு, எனக்குக் குழந்தை பிறந்துடுச்சுன்னு என் மேனேஜர் வந்து கை கொடுக்கிறாரு. யாருப்பா அது?"

"பூசணிக்காய்மா."

மகள் சிரித்த சிரிப்பில் மேனேஜரே பயந்துபோய்ப் போனை வாங்கிக்கொண்டார். பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் குழுவை விட்டே வெளியேறினார். அவரைச் சமாதானப்படுத்த ஆய்வாளருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரமும் ஒரு நாள் விடாமல் கடைக்குப் போனார்.

"படம் எப்படிம்மா?" என்று பெண்ணிடம் காட்டிக் கேட்டார்.

"அருமை சார். ஆனா கறுப்புல எடுத்திருந்தா அந்தக் காம்பு இன்னும் தெளிவா விழுந்திருக்கும்," என்றாள் பெண்.

அப்படியே மூன்றாவது மாதமும் முடிகிற சமயத்தில், ஒரு சனிக்கிழமை காலை மருமகன் போன் செய்தார்.

"மாமா, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். பயப்பட ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஆகும்னு சொல்றாங்க."

டீச்சர் பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்க ஆரம்பித்தார். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஆய்வாளர் கூடத்தின் நடுவில் நின்றார். முப்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் தராசுகளைப் பார்த்திருப்பார், ஒரு கேமராவை அவரால் வாங்க முடியவில்லை.

"போய் வாங்கிட்டு வந்துடறேன்," என்றார். வாசலில் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. அவருக்கு அது கண்ணில் படவே இல்லை. பாலத்தில் ஏறும்போது முன்னால் போன கல்லூரிப் பையன்கள் இரண்டு பேரைத் தாண்டிக்கொண்டு போனார்.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. பெண்ணைக் காணோம். முதலாளி மட்டும் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு எங்கே?"

"இன்னிக்கு லீவு." அவர் குரலை ஆய்வாளர் கேட்பது அதுதான் முதல் தடவை. "கறுப்பா, வெள்ளியா?"

ஆய்வாளர் வாயைத் திறந்தார். பேட்டரி, ஜூம், ஜன்னல், நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டர், இருபத்தேழு கிராம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. பிறகு எல்லாமே சரிந்துவிட்டன.

"எது உங்க கைக்கு எட்டுதோ அதைக் கொடுங்க. எனக்குப் பேரப்பிள்ளை பிறக்கப்போகுது."

முதலாளியின் கைக்கு வெள்ளி எட்டியது. பேட்டரியைப் பொருத்தி, கார்டைப் போட்டு, தேதியைச் சரிபண்ணி, பையில் வைத்துக் கொடுத்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. எதிலும் தயங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. இதற்கா மூன்று மாதம் என்று ஆய்வாளருக்கே வெட்கமாக இருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார்.

"சார்," என்று முதலாளி பின்னாலிருந்து கூப்பிட்டார். "நாளையிலேருந்து உங்களை நடக்க வைக்க வேற கடை பார்த்துக்கச் சொல்லிடுங்க டீச்சர்கிட்ட, டாக்டர் உங்களை நடக்கச் சொன்ன ஆறு மாசத்துல எங்க பங்கு மூணு மாசம் இன்னியோட முடிஞ்சுது."