ஒரே ஒரு பேட்டரிக்கு முறையான சோதனை

பேட்டரி பொதுச்சொத்து. பொதுச்சொத்து வீணாகக் கூடாது. இதை ஒப்புக்கொள்கிற யாரும் ஸ்டோர் அதிகாரியைக் குறை சொல்ல மாட்டார்கள், அந்த அலுவலகத்துப் படக்காரரைத் தவிர.

கேமராவுக்கு இருந்ததே ஒரு பேட்டரி. தேர்வுக் குழு பலமுறை கூடி, அட்டையில் எண் பெரிதாகப் போட்டிருந்ததை வாங்கியது. எண் பெரிதாக இருப்பதால் ஒன்றே போதும் என்றும் தீர்மானித்தது.

படக்காரர் தற்காலிக ஊழியர். அன்று மாலை அலுவலகப் புதுக் கழிப்பறைக்குத் திறப்பு விழா. படம் நன்றாக வந்தால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வீட்டுக்கு. பாவம், மனுஷன் காலையிலேயே ஸ்டோர் அதிகாரியிடம் ஓடினார்.

"சார், பேட்டரி பாதிதான் இருக்கு. சார்ஜ் போடணும்."

"தட்டுல சோறு இருக்கும்போதே மறுசோறு கேப்பீங்களா? முழுசா காலி பண்ணிட்டு வாங்க."

படக்காரர் சுவரையும் மின்விசிறியையும் படமெடுத்தே பேட்டரியைச் சாகடித்தார். அது காலமானதற்கு இருவர் கையெழுத்திட்டபின் சார்ஜரில் ஏறியது. பச்சை விளக்கு எரிந்ததும் கையை நீட்டினார்.

"பொறுங்க. நிரம்பிடுச்சுன்னு யார் சொன்னது?"

"பச்சை விளக்கு சார்."

"விளக்கு கையெழுத்துப் போடுமா? அங்க போய் நின்னுட்டா என் தலையில்ல உருளும்!"

முறையான சோதனை தொடங்கியது. பேட்டரி ஓயும்வரை ஸ்டோர் அதிகாரி தன்னையே படமெடுக்கச் சொன்னார்: பக்கவாட்டில், கன்னத்தில் கை வைத்து, இப்போதைய மோஸ்தர்படி எங்கேயோ பார்த்துச் சிரித்து. கேமரா கண்ணை மூடியது.

"அடேயப்பா! முழுசா நிரம்பித்தான் இருந்திருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"இப்ப காலி சார்!"

"நல்ல பேட்டரின்னு சான்று குடுத்தாச்சு. இனிமே அதைக் குறை சொல்றது ஒழுங்கீனம்."

மாலையில் ரிப்பன் விழுந்தது. எல்லோரும் வரிசையாகப் பல்லைக் காட்டினார்கள். படக்காரர் கடவுள்மேல் பாரத்தைப் போட்டு, செத்த கேமராவைத் தூக்கி, வாயாலேயே "க்ளிக்" என்றார்.

"எங்கே, காட்டுய்யா!" தலைமை அதிகாரி கேமராவைப் பிடுங்கினார். போச்சு, வேலை போச்சு என்று படக்காரர் வாசல் பக்கம் நகர்ந்தார்.

கறுப்புத் திரை கண்ணாடிபோல் பளபளத்தது. தலைமை அதிகாரி குனிந்து பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பிரமாதம்! அப்படியே நான்!"

ஸ்டோர் அதிகாரி எட்டிப் பார்த்தார். "என் முகமும் எடுப்பா விழுந்திருக்கு சார்."

கேமரா கைக்குக் கை மாறியது. ஆளாளுக்குத் தன்னைப் பார்த்துப் பூரித்தார்கள். பக்கத்தில் நின்றவர் படத்தில் இல்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை.

வேலை அங்கேயே நிரந்தரமானது. கூட்டம் கலைந்ததும் படக்காரரும் திரையை மெல்லப் பார்த்தார். பரவாயில்லை, நிரந்தர ஊழியரின் களை நன்றாகவே வந்திருந்தது.