மலைக்கு அந்தப் பக்கத்துக் குளத்தை ஆராய்ந்த நரி

ஒரு காட்டில், அதாவது இருந்த ஒரே குளத்தையும் தன் குடும்பம் குளிப்பதற்கென்று சிங்கராஜா வளைத்துப் போட்டிருந்த ஒரு காட்டில், பூவழகி என்றொரு மான் இருந்தாள். நல்ல கோடை. அவளுக்குப் பால் வற்றிவிட்டது. குட்டி தாகத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தது.

மலைக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் ஓட்டுப் போட்டு ஓர் ஆமையைத் தலைவராக்கியிருந்தார்கள். அங்கே குளம் எல்லாருக்கும் திறந்தே கிடந்தது. பூவழகி பேசாமல் குட்டியைக் கூட்டிக்கொண்டு அங்கே போயிருக்கலாம். கெட்ட நேரம் பாருங்கள், நியாயம் கேட்க ராஜா முன்னால் போய் நின்றாள்.

"ராஜா, அங்க எல்லாரும் தண்ணி குடிக்கிறாங்க. இங்க மட்டும் ஏன் இப்படி?"

ராஜா வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்த டாக்டர் வாலறிவன் முந்திக்கொண்டார். நரிதான். ஆனால் வெளிக்காட்டுக்குப் போய் ஒப்பீட்டு அரசியல் படித்துப் பட்டம் வாங்கி வந்த நரி.

"சும்மா அப்படி ஒப்பிடக் கூடாதும்மா. அங்கே மழை அதிகம், இங்கே குறைவு. அங்கே தேர்தல், இங்கே பரம்பரை. குளம் திறந்திருப்பதற்கு மழை காரணமா, தேர்தல் காரணமா? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் தெரியும்."

பூவழகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப இங்க ஒரு தேர்தல் வச்சுப் பாத்துடலாமே சார்!"

ராஜா மெல்ல உறுமினார். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இங்கே எதற்கு? அங்கே தேர்தலை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அதே விடைதான் வரும்."

அட, ராஜாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று! மருமகனை நாலைந்து சிறுத்தைகளோடு மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். ஆராய்ச்சிக்காகத்தான், வேறு எதற்கு? அவர்கள் ஆமையை மல்லாக்கப் புரட்டிப் போட்டுவிட்டு அரியணையில் ஏறினார்கள். மழை அதே மழைதான். குளத்தைச் சுற்றி மட்டும் முள்வேலி வந்துவிட்டது.

"நிரூபித்துவிட்டேன்! தேர்தல்தான் காரணம்!" என்று டாக்டர் துள்ளிக் குதித்தார். உடனே அவருக்குப் பதவி உயர்வும் வந்தது.

பூவழகி குட்டியை நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தாள். கால் மடங்கி விழுந்தது. அழுகையோடு ஓடினாள்.

"அதான் தெரிஞ்சு போச்சே சார், இங்க தேர்தல் வச்சுடுங்க. என் புள்ள செத்துடும்."

"எதற்கம்மா? இப்போது இரண்டு காட்டுக்கும் வித்தியாசமே இல்லையே! வித்தியாசம் இல்லாத இடத்தில் எங்கள் துறைக்கு என்ன வேலை?" என்றபடி டாக்டர் ராஜாவோடு குளிக்கப் போய்விட்டார்.

நீதி: பக்கத்து வீடு நன்றாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு அங்கே குடிபோய்விடு. ஒப்பிட்டுப் பேசினால், அந்த வீட்டையும் உன் வீடு மாதிரி ஆக்கிவிடுவார்கள்.