இரண்டு கோடு என்றால் அக்கா

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் அக்காவின் இரண்டாவது மகள் சுண்டெலி, போர்வைக்குள் குப்புறப் படுத்துக்கொண்டு, டார்ச்சைப் பல்லில் கடித்தபடி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, அக்கா மூவரும் நலம். நான் நாளைக் காலை ஏழு மணி வரை நலம். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருக்கும். போன் செய்யலாமென்றால் அது அக்காவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு நோட்டு எழுதுவது நான்தான், சித்தி. பந்து என் பக்கம் வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறவளுக்கு அங்கே என்ன வேலை என்று அப்பா கேட்கிறார். யார் எத்தனை கூடை போட்டாள் என்று எவளும் எழுதுவாள். நான் எழுதுவது வேறு. எந்த ஐந்து பேர் ஒன்றாகக் களத்தில் நின்றார்கள், அந்த நேரத்தில் நாங்கள் எடுத்த புள்ளி எத்தனை, விட்டது எத்தனை, கழித்தால் மிச்சம் என்ன. ஆள் மாறினால் புது வரி. ஒருத்தி தனியாக எவ்வளவு ஜொலித்தாலும், அவள் இருக்கும்போது அணி தோற்றால் நோட்டு காட்டிக்கொடுத்துவிடும். வீட்டிலும் எழுதிப் பார்த்தேன். அம்மாவும் அக்காவும் சமையலறையில் சேர்ந்து நின்றால் மைனஸ் நான்கு. சமாதானம் செய்ய அப்பா உள்ளே போனால் மைனஸ் பத்து.

இன்று மாலை கோச் சார் எல்லோர் முன்னாலும் என் தலையில் தட்டி, "இந்தச் சுண்டெலி கண்ணுல இருந்து ஒண்ணும் தப்பாது. நாளைக்கு ஃபைனல்ல மொதல்ல எறங்குற அஞ்சு பேரை இவ நோட்டே சொல்லட்டும். காலைல ஏழு மணிக்கு லிஸ்ட் என் மேஜைக்கு வந்துடணும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. வீடு வரை தரையில் கால் படவேயில்லை. வந்து கூட்டிக் கழித்துப் பார்த்தேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அணியின் கேப்டன் அக்கா, சட்டை எண் பதினொன்று. அவளுக்கு மாற்று ஆள் ஆமை, எண் எட்டு. நல்ல பெண்தான், நடந்தாலே நமக்குத் தூக்கம் வரும். மூன்று ஆட்டத்துக் கணக்கில் அக்கா இருந்து ஆமை இல்லாத ஐவர்: மைனஸ் பதின்மூன்று. ஆமை இருந்து அக்கா இல்லாத ஐவர்: பிளஸ் இருபத்தொன்று! இருவரும் சேர்ந்து நின்றது மொத்தமே நான்கு நிமிடம், பிளஸ் ஒன்பது. அது சும்மா அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டேன். மூன்று ஆட்டமாக சார் ஆமையைத்தான் முதலில் இறக்குகிறார். பாவம், அக்கா வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டுப் பாடிக்கொண்டே வருகிறாள். அவமானத்தை எப்படி மறைக்கிறாள் பாருங்கள்!

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். போட்டி தொடங்குவதற்கு முந்தின நாள் பயிற்சியில் பந்து வந்து என் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது. இன்னொரு தடவை உடைத்தால் மைதானத்துப் பக்கமே போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் யாரிடமும் சொல்லாமல், பவர் பத்தாத பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பந்து வராத கடைசி மேல்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். முகம் தெரியாவிட்டால் என்ன, முதுகு தெரிகிறதே. இரண்டு கோடு என்றால் அக்கா, இரண்டு உருண்டை என்றால் ஆமை. ஒரு வரி விடவில்லை.

அக்கா பெயரை எழுதிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் நோட்டு பொய் சொன்னதாக ஆகிவிடும், சித்தி. ஆகையால் லிஸ்டில் ஆமை பெயரை எழுதி ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்துவிட்டேன். அக்கா என்னை உயிரோடு விட்டால் லீவுக்கு வருகிறேன். சித்தப்பாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு ஒரு முத்தம். விடாவிட்டால் நோட்டு உங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
உண்மைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த
சுண்டெலி

பின்குறிப்பு: அக்கா தூங்கவில்லை. போர்வையை இழுத்துக் கடிதத்தைப் பிடுங்கி முழுதும் படித்துவிட்டாள். அடிப்பாள் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவள் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாள். "அடி குருட்டுச் சுண்டெலி! ஆமையோட சட்டை தொவச்சதுல சுருங்கிப்போச்சுடி. மொத மேட்ச்ல இருந்தே நாங்க ரெண்டு பேரும் சட்டைய மாத்திதான் போட்டிருக்கோம். அந்த ரெண்டு உருண்டை நான்தான்!"

நோட்டு முழுக்கத் தலைகீழ், சித்தி. அழுதுவிட்டேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், யார் எந்தச் சட்டை போட்டாலும் மாறாத வரி ஒன்றே ஒன்று இருக்கிறது: இருவரும் சேர்ந்து நின்ற அந்த நான்கு நிமிடம். அக்காவிடம் காட்டினேன். சிரிப்பை நிறுத்தி, விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். "ஆமாண்டி, அவ இருந்தா எனக்குப் பந்து தானா வருது" என்றாள்.

புது லிஸ்டில் இருவர் பெயரும் இருக்கிறது. கண்ணாடி விஷயத்தை அப்பாவிடம் அக்காவே சொல்கிறாளாம், ஃபைனல் முடிந்த பிறகு. நாளைக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்துதான் எழுதப்போகிறேன். பந்து வந்தால் வரட்டும்.