சிமென்ட் நாரைக்கு நீச்சல் தெரியாது

ஈரநிலங்களைக் காக்கும் வழிகளில் தலைசிறந்தது, அவற்றை நனையவிடாமல் காப்பதே. இதைக் கண்டறிந்தவர் ஈரநிலத் துறை இயக்குநர். வெறும் சேறும் கோரையுமாகக் கிடந்த சதுப்பில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி, நடுவே 'ஈரநில விழிப்புணர்வு மையம்' கட்டினார். கரையில் சிமென்ட் நாரைகளை நிறுத்தினார். நிஜ நாரைகள் போட்டோவுக்கு ஒழுங்காக நிற்பதில்லை.

மையத்தின் கள உதவியாளரை எல்லோரும் 'டிகிரி' என்பார்கள். சுவருக்கு அந்தப்புறக் குடியிருப்பில் முதலில் பட்டம் வாங்கியவள். வாய் கொஞ்சம் நீளம். கல்லூரி அதற்குப் பொறுப்பல்ல.

முன்பெல்லாம் மாதக்கணக்கில் பெய்த மழையை இப்போது வானம் ஒரே மூச்சில் கொட்டித் தொலைக்கிறது. அப்படிக் கொட்டிய ஒருநாள், சதுப்பில் போய்ப் படுக்க வேண்டிய வெள்ளம் சுவரில் முட்டித் திரும்பிக் குடியிருப்புக்குள் புகுந்தது. அங்கிருந்து டிகிரியின் அம்மா போன் செய்தாள்.

"ஏடி, தண்ணி கட்டிலைத் தாண்டிருச்சு. அடுப்பு மிதக்குது. உங்க ஆபீஸ் சுவத்தை இடிக்கச் சொல்லு!"

டிகிரி கூட்ட அறைக்குள் நுழைந்தாள். 'வெள்ளத்தோடு வாழ்தல்' குறித்துக் கருத்தரங்கம். ஏசி குளிருக்கு எல்லோரும் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

"சார், சுவத்துல ஒரு பக்கம் உடைச்சா போதும். தண்ணி இங்க வந்துடும், சனம் பிழைச்சுக்கும்."

"ஈரநில மையத்துக்குள்ள தண்ணியா?" இயக்குநர் பதறினார். "நாரைக்கு இப்பத்தாம்மா பெயின்ட் அடிச்சோம்!"

"அது சிமென்ட் சார். அங்க இருக்கறது எங்கம்மா."

"உணர்ச்சிவசப்படாதே. நேர்ல ஆய்வு பண்ணித்தான் முடிவெடுக்கணும்."

தன் மாமா கோரை அறுக்கப் போகும் தோணியில் அவரை ஏற்றி, டிகிரியே துடுப்புப் போட்டாள். குடியிருப்பில் கூரைக்குக் கூரை நாரைகள். சந்துக்குள் மீன் துள்ளியது. மையத்தில் ஒரு காக்கை இறங்கிக்கூடப் பார்த்திராத இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆகா! இதல்லவா அசல் ஈரநிலம்! இதை உடனே பாதுகாக்கப்பட்ட பகுதியா அறிவிக்கணும்."

"சுவரு சார்?"

"அதை உடைச்சா இந்தத் தண்ணி வடிஞ்சுடுமே! பறவைங்க பாவம், எங்க போகும்?"

இடுப்பளவுத் தண்ணீரில், தலையில் அரிசி மூட்டையோடு நின்ற அம்மா கேட்டாள்: "அப்ப நாங்க எங்கய்யா போறது?"

இயக்குநர் அப்போதுதான் அவளைப் பார்த்தார். முகம் வாடியது. "ஏம்மா, பறவைங்க வாழுற இடத்துல வந்து வீடு கட்டியிருக்கீங்களே, மனசாட்சி வேணாமா?"

டிகிரி துடுப்பை நிறுத்தினாள்.

"இறங்குங்க சார்."

"எதுக்கு?"

"எங்கம்மா ஏறணும்."

"நான் யாரு தெரியுமா?"

"தெரியும் சார். அதான் சொல்றேன், இறங்குங்க."

அவள் தோணியை ஓர் ஆட்டு ஆட்டினாள். இறங்கிவிட்டார். தண்ணீர் பெல்ட்டைத் தொட்டதுமே போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அலறினார்: "யாருய்யா ஆபீஸ்ல? சுவத்தை உடைங்கய்யா, சீக்கிரம்!"

ஊரே மூழ்கியபோது நிகழாத பேரிடர், ஒருவர் பேன்ட் நனைந்ததும் முறைப்படி அறிவிக்கப்பட்டது.